பின்வரிசையில் விழாத கோடு



1894இல் ஆல்காட் அடையாற்றில் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த காலத்தில், ஆய்வாளர் நடத்தும் தேர்வில் பிள்ளைகள் தேறும் அளவைப் பார்த்து மானியம் வழங்கும் முறை சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆய்வாளரைக் கண்டு ஆசிரியர் அஞ்சியதில் வியப்பில்லை. மானிய முறை மாறிய பின்னும் அந்த அச்சம் மட்டும் மாறவில்லை.

நம் மாலைப் பள்ளியில் நாங்கள் கண்டது வேறு. தமிழ்ப் பாடத்தைக் கவனித்த மேற்பார்வையாளர் குறை ஏதும் கூறவில்லை. பிள்ளைகள் அமர்ந்த வரிசைகளைத் தாளில் வரைந்து, வாய்விட்டுப் படிக்க அழைக்கப்பட்டவர்க்கெல்லாம் ஒரு கோடு இட்டிருந்தார். "பின்வரிசையில் கோடே இல்லையே, ஏன் ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

ஆசிரியர் சினந்தார், உண்மையைச் சொன்னால், நாங்களும் சினந்தோம். மறுநாள் அவரே வந்து சொன்னார்: "அவர்கள் 'வந்துச்சு' என்பார்கள், நான் உடனே 'வந்தது' என்று திருத்துவேன். அதனால் வாய் திறப்பதையே விட்டுவிட்டார்கள். நானும் அவர்களை அழைப்பதை விட்டுவிட்டேன்."

இப்போது அவர் விடையை முதலில் ஏற்றுக்கொள்கிறார். எழுத்து வழக்கைப் பின்னர்க் கரும்பலகையில் காட்டுகிறார். பின்வரிசையில் மூவர் படிக்கத் தொடங்கியுள்ளனர். நால்வர் இன்னும் தொடங்கவில்லை.

பாடம் சொல்ல முன்வரும் இளைஞர்கள், தம் வகுப்பில் ஒருவரை இவ்வாறு கோடிட அமர்த்துமாறு வேண்டுகிறோம்.