மக்காச்சோளப் பாம்பும் நம்ம ஊர் விரியனும்

(பழைய மாணவர் சந்திப்பில் விலங்கியல் துறை முன்னாள் மாணவர் ஆற்றிய உரை)



செயலாளர் போன் செய்து, "உன்னோட பொழுதுபோக்கைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு" என்றார். "என் பொழுதுபோக்கு பாம்பு வளர்ப்பு ஆச்சே, சாப்பாட்டுக்கு முன்னாடி அதைப் பேசலாமா?" என்று கேட்டேன். "சாப்பாட்டுக்கு அப்புறம் பேசினா எல்லாரும் தூங்கிடுவாங்க, முன்னாடியே பேசிடு" என்று சொல்லிவிட்டார். ஆகவே பயப்படாதீர்கள், பை எதுவும் கொண்டு வரவில்லை. வெறுங்கையோடுதான் வந்திருக்கிறேன்.

நான் 1986-ல் இங்கே விலங்கியல் முடித்தவன். சொந்த ஊர் அண்ணாகிராமம். பண்ருட்டிப் பக்கத்து ஆட்கள் என்றால் பலாவும் முந்திரியும்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். எங்களுக்கு ஞாபகம் வருவது முந்திரிச் சருகில் கால் வைக்கும்போது வரும் பயம். வைக்கோல் போரில் சாரை இருக்கும், கரும்புக் கொல்லையில் எது வேண்டுமானாலும் இருக்கும். எதுவாக இருந்தாலும் தடியை எடு என்பதுதான் அன்றைக்குச் சட்டம். பத்து வயசில் நானும் கல்லெறிந்திருக்கிறேன். செத்த சாரையை வேலி ஓரம் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டு, ஏதோ வீரச்செயல் செய்தவன் மாதிரி வீட்டுக்குப் போனவன்தான் நான்.

அப்படிப்பட்டவன் பாம்பு வளர்த்தேன் என்றால் அதற்குக் காரணம் என் மகன். 1998-ல் லண்டனுக்கு ஆஸ்பத்திரி லேபாரட்டரி வேலைக்குப் போனேன். ஈஸ்ட்ஹாமில் வீடு. 2004-ல் பையனுக்கு எட்டு வயசு. நாய் வேண்டும் என்றான். வீட்டுக்காரர் நாய்க்குச் சம்மதிக்கவில்லை, பாம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை! கடையிலிருந்து ஒரு குட்டி வந்து சேர்ந்தது. பென்சில் கனம், ஒரு சாண் நீளம். சிவப்பும் ஆரஞ்சுமாகக் கோயில் குங்குமத்தைக் குழைத்துப் பூசியது போல இருந்தது.

கார்ன் ஸ்நேக் என்று அதற்குப் பெயர். தமிழில் மக்காச்சோளப் பாம்பு என்று நானே வைத்துக்கொண்டேன். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள்தான் அதன் பூர்வீகம். சோளக் களஞ்சியத்தில் எலி பிடிக்க வருவதால் இந்தப் பெயர் என்பார்கள். வயிற்றில் இருக்கும் கட்டம் கட்டமான வடிவம் அந்த நாட்டுக் கலர்ச் சோளக்கதிர் மாதிரி இருப்பதால் என்றும் சொல்வார்கள். நம்ம சாரைக்கு ஒன்றுவிட்ட பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷம் கிடையாது. பெரும்பாலும் நாலைந்து அடிக்கு மேல் வளராது. வீட்டில் இருபது வருஷம் வரைக்கும்கூட இருக்கும்.

வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. கண்ணாடி முகப்பு வைத்த ஒரு மரப்பெட்டி. அதில் ஒரு பக்கம் 28, 30 டிகிரி சூடு, மறுபக்கம் 22, 24. பாம்புக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது, வேண்டியதை அதுவே நகர்ந்து எடுத்துக்கொள்ளும். ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, ஒரு தண்ணீர்க் கிண்ணம். மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு நாள் நான் சரியாக மூடவில்லை. மூன்று வாரம் கழித்து பிரிட்ஜுக்குப் பின்னால் மோட்டார் சூட்டில் சுருண்டு கிடந்தது. அந்த மூன்று வாரமும் என் மனைவி சமையலறையில் செருப்பு போட்டுக்கொண்டு சமைத்தார்.

தீனி, உறைய வைத்த எலிக்குஞ்சு. கடையில் பாக்கெட்டில் விற்பார்கள். குட்டிக்கு வாரம் ஒன்று, பெரிசுக்குப் பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முழு எலி. பிரீசரில் மேல் தட்டில் வஞ்சிரம், கீழ்த் தட்டில் எலி. இந்த ஏற்பாட்டுக்கு வீட்டில் சம்மதம் வாங்கியதுதான் என் வாழ்க்கையின் பெரிய ராஜதந்திரம். 2006-ல் எங்கள் அம்மா வந்திருந்தபோது பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "ஏண்டா தம்பி, பால் வைக்கிறது இல்லையா?" என்று கேட்டார். "பாம்பு பால் குடிக்காதும்மா" என்றேன். "அது இங்கிலீஷ் பாம்பு, குடிக்காது" என்று முடித்துவிட்டார்.

இனி நம்ம பாடத்துக்கு வருகிறேன். விலங்கியல்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

1953-ல் வட கரோலினாவில் கருநிறமி இல்லாத ஓர் ஆண் மக்காச்சோளப் பாம்பு பிடிபட்டது. பெக்டெல் என்கிற தோல் மருத்துவர் அதை இனம் சேர்த்து, 1961-ல் அதே நிறத்தில் குட்டி எடுத்தார். அந்த நிறம் ஒடுங்கு பண்பு என்று அதில் தெரிந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க விற்கும் சிவப்பு வகையின் கதை அங்கே தொடங்குகிறது. கறுப்பு இல்லாதது சிவப்பு வகை. சிவப்பு இல்லாதது சாம்பலும் கறுப்புமான வகை. இந்த இரண்டும் ஒரே உடம்பில் ஒன்று சேர்ந்தால் வெள்ளை.

எங்கள் வீட்டுச் சிவப்பு, ஆண். 2005-ல் சாம்பல் நிறத்தில் ஒரு பெண் வாங்கினேன். குளிர்காலத்தில் இரண்டு, மூன்று மாதம் தீனி இல்லாமல், 10, 15 டிகிரி குளிரில் தூங்க வைத்து, வசந்தத்தில் மெதுவாகச் சூட்டுக்குக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். 2007-ல் இரண்டையும் சேர்த்தேன். முட்டை, கோழி முட்டை மாதிரி ஓடு இல்லாமல் தோல் பை மாதிரி இருக்கும். புரட்டிவிடக் கூடாது. ஈரத் தாதுத்தூளில் புதைத்து 28 டிகிரியில் ஏறக்குறைய அறுபது நாள். ஒரு நாள் காலையில் முட்டையில் சின்னக் கீறல், அதில் ஒரு மூக்கு. மணிக்கணக்காக அப்படியே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும், வெளியே வராது.

எல்லாமே சாதாரண நிறம்! "அப்பா, கலரெல்லாம் எங்கே போச்சு?" என்று பையன் அழாத குறை. எனக்கோ, இதே கல்லூரியில் கரும்பலகையில் பட்டாணிச் செடியை வரைந்து, "முதல் தலைமுறையில ஒளிஞ்சுக்கும்டா, அடுத்ததுல பாரு" என்று சொன்ன எங்கள் ஆசிரியர் குரல் கேட்டது. அவர் இன்று இல்லை.

குட்டிகள் வளர்ந்து ஆளாக மூன்று வருஷம் காத்திருந்தோம். 2010-ல் அண்ணன் தங்கையைச் சேர்த்ததில் 15 பொரிந்தன. எட்டு சாதாரணம், ஐந்து சிவப்பு, இரண்டு சாம்பல். வெள்ளை இல்லை. 9:3:3:1 என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி மார்க் வாங்கியவன் நான். பதினாறில் ஒன்று என்பது கணக்கு, கைமேல் வாக்குறுதி இல்லை என்பது அன்றைக்குத்தான் புத்தியில் ஏறியது. 2011-ல் பதினான்கு குட்டிகளில் ஒன்று வெள்ளை. ராத்திரி ஒரு மணிக்குப் பையனை எழுப்பிக் காட்டினேன்.

இதில் யாரும் சொல்லாத ஒரு பகுதி உண்டு. ஒரு தடவைக்குப் பதினைந்து குட்டி என்றால் அதை யாருக்குக் கொடுப்பது? தெரிந்தவர்கள் எல்லோரும் என்னைக் கண்டால் ஒதுங்கத் தொடங்கினார்கள். கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றார். சில குட்டி தீனியே எடுக்காமல் செத்துப்போகும். ஒரு வெள்ளைக்காக இருபத்தெட்டு உயிரை வீடு தேடி அலைய விட்டேன். அந்த வருஷத்தோடு இனம் சேர்ப்பதை நிறுத்திவிட்டேன்.

2023-ல் வேலை ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டேன். வெள்ளைப் பாம்பு மகனிடம் இருக்கிறது. "ஏன் கொண்டுவரலை?" என்று கேட்காத உறவுக்காரர் இல்லை. அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் சுங்கத்தில் குற்றம். அதே 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பெட்டிகளில் 45 பால் பைத்தான்களும் 8 கார்ன் ஸ்நேக்குகளும் பிடிபட்டு, வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டன. வைக்கோல் போரில் இருக்கும் சாரையை வளர்க்கலாமா என்றால் அதுவும் முடியாது, 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் சரி என்பதுதான் என் கட்சி.

ஆனால் என் அண்ணன் மகன் விடவில்லை. போனில் படம் காட்டினான். "சித்தப்பா, சென்னையில ஒருத்தர் ஜோடியா தர்றாராம். பில்லு கில்லு ஒண்ணும் கேட்காதீங்கன்றாரு. நீங்க கூட இருந்தா குட்டி எடுத்து விக்கலாம்." வேண்டாம் என்று வாய் சொன்னது. மனசு, பெட்டியை எந்த அறையில் வைக்கலாம் என்று அளந்துகொண்டிருந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, பாதி சம்மதித்துவிட்டேன்.

அப்போதுதான் 2024 டிசம்பர் வந்தது. பெஞ்சல் புயல் கரை கடந்த கையோடு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. நம்ம மாவட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தண்ணீர் ஏறினால் பாம்பும் மேட்டுக்கு வரும். ராத்திரி கரண்ட் இல்லை. பின்கட்டில் விறகு அடுக்கியிருந்த இடத்திலிருந்து அண்ணன் மகன் குரல் கொடுத்தான்: "சித்தப்பா, ஓடி வாங்க, உங்க பாம்பு மாதிரியே ஒண்ணு!"

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பழுப்பு உடம்பு, முதுகு நெடுக வரிசையாக முட்டை வடிவப் புள்ளிகள். இருபது வருஷம் அப்படிப் புள்ளி போட்ட உடம்பைத் தூக்கிப் பழகிய கை. மூளையைக் கேட்காமலே கை நீண்டுவிட்டது. ஒரு முழ தூரம் இருக்கும்போது குக்கர் ஆவி விட்டது மாதிரி ஒரு சீறல். அப்படியே பின்னால் சாய்ந்து தண்ணீரில் உட்கார்ந்தேன். கண்ணாடி விரியன்.

செய்முறைத் தேர்வில் நாம் எல்லோரும் ஒப்பித்த வரி ஒன்று உண்டே. வால் தட்டையா, வயிற்றுச் செதில் அகலமா, தலையில் பெரிய செதிலா, சின்னச் சின்னச் செதிலா என்று வரிசையாகப் பார்த்து விஷப்பாம்பைப் பிரிப்பது. சின்னச் செதில் என்றால் விரியன். பார்மலின் பாட்டிலில் இருந்த பாம்பை வைத்து முழு மார்க் வாங்கினேன். உயிரோடு எதிரே கிடந்தபோது தலையையே நான் பார்க்கவில்லை. விடிகிற வரைக்கும் இரண்டு பேரும் எட்ட நின்று டார்ச் அடித்துக்கொண்டு காவல் இருந்தோம். காலையில் தீயணைப்பு வீரர்கள் இடுக்கியோடு வந்து பிடித்துப் போனார்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியில் செத்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர், வருஷத்துக்குச் சுமார் 58,000 என்று 2020-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அதில் கண்ணாடி விரியன் பங்கு பெரிது. தமிழ்நாட்டில் பாம்புக் கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக 2024 நவம்பரில்தான் அறிவித்தார்கள். என் விஷயம் நடந்தது அடுத்த மாதம்.

அன்றைக்கு என் அண்ணன் மகனிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். "லண்டனில் ஒரு வீட்டுக் குழந்தை புள்ளிப் பாம்பைக் கையில் எடுத்துப் பழகினால் ஒன்றும் ஆகாது. அண்ணாகிராமத்தில் அந்தப் பழக்கம் வந்தால், எதிர் வீட்டுப் பிள்ளை நம்ம வீட்டில் பார்த்த மாதிரியே முந்திரித் தோப்பில் இன்னொரு புள்ளிப் பாம்பை எடுக்கும்." நம்ம மூடி திறந்து ஒன்று வெளியே போனால் அது இன்னொரு வினை. ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனேரியா தீவில் செல்லப்பிராணியாக வந்து தப்பிய கலிபோர்னியா ராஜபாம்பு, அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லிகளைப் பல இடங்களில் துடைத்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மக்காச்சோளப் பாம்பின் சொந்த ஊரான புளோரிடாவிலேயே இதே சங்கடம். வளர்க்க முடியாமல் விட்ட பர்மா மலைப்பாம்புகள் அங்கே சதுப்புக் காட்டில் பெருகிவிட்டன. அதைத் தேட 2017 ஜனவரியில் யாரைக் கூப்பிட்டார்கள்? நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் இருவரை. மாசி சடையன், வடிவேல் கோபால். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்பு கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவர்கள் சங்கம் 1978-ல் தொடங்கியது, வடநெம்மேலியில் இருக்கிறது. தோல் வியாபாரம் தடைப்பட்டுப் பிழைப்பு போனவர்களுக்காக ராமுலஸ் விட்டேகர் முன்னின்று அமைத்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்து, அடையாளமிட்டுத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்க அங்கிருந்துதான் பெருமளவு விஷம் போகிறது. பொங்கல் லீவில் அண்ணன் மகனை அழைத்துப் போனேன். பானை வாயில் கட்டிய துணியை அவிழ்ப்பதைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில், "சித்தப்பா, அவங்க முதல்ல தலையைத்தான் பார்க்கிறாங்க" என்றான். சென்னை ஆளின் நம்பரை அவனாகவே அழித்தான். இப்போது பாம்பு வந்தால் ஊரில் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். அவன் பிடிப்பதில்லை. எல்லோரையும் எட்ட நிற்க வைத்து, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்கிறான். போன மாதம் இரண்டு சாரை பின்னிக்கொண்டு நின்றபோது, சாரையும் நாகமும் சேருகிறது என்று புதுத்துணி போட ஓடி வந்தவர்களிடம், "ரெண்டும் ஆம்பளை சாரை, சண்டை போடுது, விடுங்க" என்று பேசி அனுப்பினான். யாரும் தடி எடுக்கவில்லை.

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வெள்ளைப் பாம்புக்குப் பதின்மூன்று வயசு முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மகன் வீடியோ அனுப்புகிறான். போன வாரம் தோல் உரித்திருக்கிறது, தலை முதல் வால் வரை கிழியாமல் ஒரே சட்டையாக. அதை மடித்துத் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம், படம் போதும் என்று சொல்லிவிட்டேன்.