பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய்

முப்பந்தல் பகுதியில் காணப்படும் பற்சக்கரப் பெட்டி கொண்ட பெரிய காற்றாலைகளில், நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முதல் 20 முறை சுழலும் இறக்கைகளின் வேகத்தை மின்னாக்கிக்குத் தேவையான 1,500 சுற்றுகள் அளவுக்கு உயர்த்துவது, கோபுர உச்சியில் அமைந்த அந்தப் பெட்டியே ஆகும். ஒன்றையொன்று அழுத்தும் எஃகுப் பற்களுக்கிடையே நிற்கும் எண்ணெய்ப் படலம் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனே உடையது என்பதால், கண்ணுக்குப் புலப்படாத தூசித் துகளும் அதைக் கிழித்துப் பற்களின் பரப்பில் நுண்குழிகளை உண்டாக்கிவிடுகிறது. இப்பெட்டிகளில் பரவலாகப் பயன்படும் 320 தர எண்ணெயில், அந்த எண் 40 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அதன் பாகுநிலையை, அதாவது ஓட்டத்திற்கு எண்ணெய் காட்டும் தடையைக் குறிக்கிறது; அதைவிட நீர்த்த எண்ணெய் படலத்தைத் தாங்காது, மிகக் கெட்டியான எண்ணெயோ பெட்டி குளிர்ந்திருக்கையில் தாங்கு உருளைகளைச் சென்றடையத் தாமதிக்கும்.

பராமரிப்புப் பணிகளில் மிகவும் மதிப்புமிக்கது, குறித்த இடைவெளியில் எண்ணெய் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவதாகும். மாதிரியில் இரும்புத் துகள்கள் படிப்படியாகக் கூடினால் பற்களோ தாங்கு உருளைகளோ தேய்கின்றன என்றும், எண்ணெய் பால்போல் வெளுத்தால் நீர் கலந்துள்ளது என்றும், பெட்டியைத் திறக்காமலேயே அறிந்துகொள்ள முடிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பெறும் முன்னரே, காற்று குறைந்த மாதங்களில் வடிகட்டிகளை மாற்றி இவ்வாய்வையும் முடித்துவிடுவது மின் உற்பத்தி இழப்பைப் பெரிதும் தவிர்க்கிறது.