ஊசி இறங்கிய பிறகு



சிரைவழி மருந்தேற்றம் பெறும் நோயாளிக்குச் செவிலியர் தரும் கவனிப்பைப் பற்றிப் பேச இன்று சிதம்பரத்தில் கூடியிருக்கிறோம். நம் வார்டுகளில் ‘நல்ல கை’ உள்ள சிஸ்டர் என்றால் ஒரே குத்தில் வென்ஃப்ளான் என்ற சிரைக் குழாயைப் போடுகிறவர் என்று பொருள். அந்தத் திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீர் வற்றி வந்த குழந்தைக்கு நரம்பு கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது இந்த அவைக்குத் தெரியும். (சிரையை நரம்பு என்பது நம் மக்கள் வழக்கு, நோயாளியிடம் பேசும்போது அதைத் திருத்த வேண்டியதில்லை.) ஆனால் ஊசி இறங்கச் சில நிமிடம் போதும்; குழாய் கையில் இருப்பதோ இரண்டு, மூன்று நாள். அந்த நாட்களில் செவிலியர் வந்து வந்து பார்ப்பதை ஒரு வேலையாகவே நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. என் குறை அதுதான்.

இந்தச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், காலராவில் சாகும் தறுவாயில் இருந்த ஒரு முதிய பெண்ணின் சிரையில் உப்புநீரைச் செலுத்தினார். போன நாடி திரும்பியது. ஆபத்து நீங்கியது என்று எண்ணி, அவரை வேறொருவர் பொறுப்பில் விட்டுச் சென்றார். வயிற்றுப்போக்கு மீண்டும் கண்டது. உப்புநீர் மறுபடி ஏற்றப்படவில்லை. சில மணி நேரத்தில் அந்தப் பெண் இறந்தார். உப்புநீர் தன் வேலையைச் செய்திருந்தது. விட்டுப்போனது கவனிப்பு.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3,283 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2012இல் லான்செட் இதழில் வெளியானது. மூன்று நாளுக்கு ஒருமுறை குழாய் மாற்றப்பட்டவர்களிலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றப்பட்டவர்களிலும் சிரை அழற்சி ஒரே அளவுதான்: 7 விழுக்காடு. ‘அப்படியானால் குழாய் கிடக்கட்டும்’ என்று இதைப் புரிந்துகொள்வது ஆபத்து. தேவைப்பட்டது என்பதை யார் சொல்வது? கடிகாரம் சுமந்த பொறுப்பு இப்போது செவிலியரின் கண்ணுக்கும் விரலுக்கும் வந்திருக்கிறது. சிவப்பு, வீக்கம், சூடு, தொட்டால் வலி, கயிறுபோல் தடித்த சிரை இவற்றைத் தேடிப் பார்க்கிறவர் இருந்தால் மட்டுமே அந்த முடிவு நமக்குப் பொருந்தும்.

நம் மாவட்டத்தில் இதை மிகக் கூர்மையாக உணர்த்துவது பாம்புக்கடி. காட்டுமன்னார்கோயில், புவனகிரிப் பக்கத்து வயல்களில் கடிபட்டு வருகிறவருக்கு முறிமருந்து பத்துக் குப்பி வரை சலைனில் கலந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்றப்படுகிறது. தொடங்கிய சில நிமிடங்களிலேயே உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தச் சரிவு வரலாம். உடனே சொட்டை நிறுத்தி, தசையில் அட்ரினலின் போட வேண்டும். விரியன் கடித்தவருக்கோ ரத்தம் உறையாமல் போகலாம். குத்திய இடத்திலிருந்தே கசியும். கட்டிலருகே பயிற்சி பெற்ற ஆள் இல்லாவிட்டால் உயிர் காக்க வந்த மருந்தே உயிருக்கு உலையாகிவிடும்.

ஆள் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நடைமுறை அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று நான் இங்கே விளக்க வேண்டியதில்லை. ஆனால் பார்த்தது கேஸ் ஷீட்டில் ஏறாதவரை, அதற்கு ஆள் வேண்டும் என்று கேட்க நம் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது? இன்ஃபியூஷன் பம்ப் வந்தால் போதும் என்பார்கள் சிலர். பம்ப் அடைப்பைக் கண்டு கத்தும்; மருந்து சிரைக்கு வெளியே தளர்ந்த சதையில் கசிந்தால் பெரும்பாலும் பேசாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். கசிந்தது கால்சியமோ நார்அட்ரினலினோ என்றால் அந்தச் சதையே செத்துப்போகலாம். சர்க்கரை நோயால் உணர்வு மங்கியவர் வலிக்கிறது என்றுகூடச் சொல்லமாட்டார். உடனிருக்கும் உறவினர் பார்த்துக்கொள்வார் என்ற பதிலை நான் ஏற்கவே முடியாது. அவர் பார்ப்பது பாட்டில் தீர்கிறதா என்று. பார்க்க வேண்டியது கையை. சொட்டின் வேகத்தையும் பார்க்க வேண்டும்: 8 மணி நேரத்தில் ஒரு லிட்டர் போக, மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 42 சொட்டு விழ வேண்டும். நோயாளி முழங்கையை மடக்கினாலே அது மாறிவிடும்.

இன்று கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்கிறேன். குழாய் போட்ட நேரம், கடைசியாகப் பார்த்த நேரம், எடுத்த நேரம் மூன்றும் உங்கள் வார்டில் எங்கே எழுதப்படுகின்றன? அந்தத் தாளை மேசையில் வைத்து முதல் அமர்வைத் தொடங்குங்கள்.