கல்லை இனம் காணுதல்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இலக்கியம் பேசவும் இசை பேசவும் வல்லார் பலர் இங்கே வீற்றிருக்க, பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதிவரும் என்னைக் கனிமங்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். சிங்பூம் பகுதியில் வாழும் நம் வாசல் வழியே ஓடும் சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவை கல்லையும் கரியையுமே சுமந்து செல்வதால், அவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். தெரியாமலே இத்தனை ஆண்டுகள் எழுதினேன் என்பதுதான் உண்மை. நான் பேச ஒப்பியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

கனிமம் என்பது யாது? சுரங்கத்திலிருந்து வருவதெல்லாம் கனிமம் என்றே நானும் நினைத்திருந்தேன். அறிவியலார் அவ்வளவு எளிதில் அப்பெயரைத் தருவதில்லை. அது இயற்கையில் தானே தோன்றியிருத்தல் வேண்டும். திடப்பொருளாய் இருத்தல் வேண்டும். இன்ன பொருள்கள் இன்ன அளவில் கூடியவை என்ற வரையறை வேண்டும். அதன் அணுக்கள் கோலப் புள்ளிகளைப்போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இமயத்துப் பனிக்கட்டி இவ்வகையில் கனிமம். அது உருகி ஓடும் நீர் கனிமம் அன்று. கண்ணாடி மனிதன் செய்தது. அணு ஒழுங்கும் இல்லாதது. ஆகவே அதற்கும் இடமில்லை. நாம் நாள்தோறும் வண்டி வண்டியாக அனுப்பும் நிலக்கரியும் செடிகொடிகள் மக்கிப் புதைந்து ஆனதாகலின், அறிவியல் கணக்கில் கனிமம் ஆகாது. ஆனால் 1957-ம் ஆண்டுச் சுரங்க, கனிமச் சட்டத்தின் கணக்கில் அது கனிமமே. இரண்டும் அவரவர் தேவைக்குச் செய்த கணக்கு.

பாறை வேறு, கனிமம் வேறு. வீட்டில் கருங்கல் ஆட்டுக்கல் இருந்தால் வெயிலில் உற்றுப் பாருங்கள். கண்ணாடித் துணுக்குப்போல் மங்கிய சாம்பல் நிறத்தில் தெரிவது குவார்ட்சு, வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது பெல்ஸ்பார், மினுமினுப்பது அப்பிரகம். கனிமங்கள் கூடி வாழும் வீடே பாறை. அவ்வீட்டிலிருந்து இலாபத்தோடு உலோகம் எடுக்க முடியுமானால் அதற்குத் தாது என்று பெயர். தாது என்பது ஆகவே சந்தையின் சொல். விலை விழுந்தால் நேற்றைய தாது இன்று வெறுங்கல்லாகிவிடும். சட்டத்தின் வகுப்பும் அப்படியே. அப்பிரகமும் குவார்ட்சும் 2015-ம் ஆண்டில் சிறுகனிமப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. 2025-ம் ஆண்டில் மீண்டும் பெருங்கனிமங்கள் ஆயின. கோடர்மா மலையில் இருக்கும் அப்பிரகத்துக்கு இச்செய்தி தெரியாது.

அப்படியானால் மாறாத வகுப்பு எது? நிறத்தை நம்பலாகாது. நோவாமுண்டியிலிருந்தும் குவாவிலிருந்தும் வரும் ஹேமடைட்டு என்னும் இரும்புத்தாதும், மாக்னடைட்டு என்னும் மற்றோர் இரும்புத்தாதும் பார்வைக்கு இரண்டும் கறுப்பாக இருக்கக் கூடும். மெருகிடாத பீங்கான் ஓட்டின்மேல் தேய்த்தால் முன்னது செம்மண் கோடு இழுக்கும். பின்னது கறுப்புக் கோடு இழுக்கும். கடினத்தைக் கொண்டும் அறியலாம். பிரடெரிக் மோஸ் என்பார் 1812-ம் ஆண்டில் பத்துக் கனிமங்களை மென்மையிலிருந்து கடினம் நோக்கி வரிசைப்படுத்தினார். முதலிடத்தில் நிற்பது டால்க். நம் பாட்டிமார் குழம்பு வைத்த கல்சட்டியின் மாக்கல்லில் நிறைந்திருப்பது அதுவே. நகத்தால் கீறலாம், அதனால்தான் கடைந்து சட்டியாக்க முடிகிறது. கடைசியில் நிற்பது வைரம். குவார்ட்சுக்கு ஏழாம் இடம், கண்ணாடியைக் கீறவல்லது.

இவையெல்லாம் அடையாளங்கள். வகுப்பு என்பது வேறு. அமெரிக்கரான ஜேம்ஸ் டுவைட் டேனா தம் பெருநூலை 1837-ம் ஆண்டில் வெளியிட்டார். அதன் பிற்பதிப்பில் தம் பழைய பகுப்பைத் தாமே கைவிட்டு, வேதியியலின்படி கனிமங்களை வகுத்தார். இன்று 6,000-க்கும் மேற்பட்ட கனிமங்கள் அவ்வழியிலேயே வகுக்கப்படுகின்றன. அதன் சூட்சுமம் இது: எந்த உலோகம் என்று முதலில் கேட்பதில்லை, அது எதனோடு கூடியிருக்கிறது என்றே கேட்கிறார்கள். பிறந்த வீட்டைவிடப் புகுந்த வீட்டின் சாயலே மிகுதி என்று நம் தாய்மார்கள் சொல்வார்களல்லவா, அதுபோல! முசாபனியில் தோண்டிய செப்புத்தாது கந்தகத்தோடு கூடியது. அது சல்பைடு வகுப்பு. அதே செம்பு கரியமிலத்தோடு கூடிப் பச்சைக் கல்லாகும்போது கார்பனேட்டு வகுப்பு. குணத்தில் அது சுண்ணாம்புக்கல்லுக்கே உறவு.

நம் மாவட்டத்தையும் அக்கம்பக்கத்தையும் சுற்றினாலே வகுப்புகள் பெரும்பாலும் கிடைத்துவிடும். எதனோடும் கூடாமல் தனித்திருப்பது தனிமம். சுவர்ணரேகை ஆற்று மணலை அரித்து இன்றும் பொன்துகள் எடுப்போர் உளர். ஹேமடைட்டும் மாக்னடைட்டும் ஆக்சைடுகள். பீர்மித்ராபூரின் டோலமைட்டு கார்பனேட்டு. சேலத்தின் மாக்னசைட்டும் அவ்வகுப்பே. எஃகு உலைகளின் உட்சுவருக்குரிய செங்கல் அதிலிருந்து ஆகிறது. வெண்மையைக் கண்டு ஆங்கிலேயர் அக்குன்றுகளைச் சுண்ணக் குன்றுகள் என்று அழைத்தது நிறத்தை நம்பியதன் பிழை. நம் உப்பு ஹாலைடு வகுப்பு. பாஸ்பேட்டும் சல்பேட்டும் தனித்தனி வகுப்புகள்.

எல்லாவற்றிலும் பெரிய குடும்பம் சிலிக்கேட்டு. பூமியின் மேலோட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அவையே. ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நான்கு பிராணவாயு அணுக்கள். இதுவே அவற்றின் செங்கல். அச்செங்கல்லைத் தனித்தனியாக வைத்தால் ஒரு கனிமம். சங்கிலியாகக் கோத்தால் மற்றொன்று. தாளாகப் பரப்பினால் அப்பிரகம். எல்லாப் பக்கமும் பிணைத்தால் குவார்ட்சும் பெல்ஸ்பாரும். கர்சாவான் பக்கத்து லாப்சா புருவில் கிடைக்கும் நீலநிறக் கயனைட்டுக்கும், சில்லிமனைட்டுக்கும், அந்தலூசைட்டுக்கும் சேர்ந்துள்ள பொருளும் அளவும் ஒன்றே. அடுக்கு வேறு; ஆகவே கனிமங்கள் மூன்று. எதனால் ஆனது என்று கேட்டபின் எப்படிக் கட்டப்பட்டது என்றும் கேட்டாக வேண்டும்.

இதை நான் கற்ற விதத்தைத்தான் பின்னர்க் கூறுவேன் என்றேன்.

நம் சங்க அறையின் கண்ணாடிப் பெட்டியில் வெண்பச்சை நிறக் கல்லொன்று நெடுநாள் இருந்ததைப் பலர் அறிவீர்கள். சாய்பாசாவை அடுத்த குன்றுப் பக்கம் உலாப்போன நம் பிள்ளைகளில் ஒருவன் எடுத்துவந்தது. கல்லாக இருந்தும் பஞ்சுபோல் பிரியும். ஒவ்வொரு கண்காட்சியிலும் அதனை வெளியே எடுத்து, நகத்தால் ஓர் இழை பிரித்து, உள்ளங்கையில் வைத்து ஊதிக் காட்டியவன் நான். குழந்தைகள் கைதட்டினார்கள். உங்கள் குழந்தைகள்தாம், என் மகளும் அவர்களுள் ஒருத்தி.

சென்ற ஆண்டு மாதிரிக் கற்களைப் பெட்டியிலிட்டு அனுப்ப வந்த நிலவியல் அன்பர் ஒருவரை, பெருமையோடு அழைத்துச் சென்று அதனைக் காட்டினேன். அவர் பெட்டியைத் திறக்கவிடவில்லை. அது கிரைசோடைல் என்னும் கல்நார். ரோரோ குன்றில் அதனைத் தோண்டிய சுரங்கம் 1983-ம் ஆண்டில் மூடப்பட்டது. கழிவு சரிவில் கொட்டிக் கிடக்கிறது. மக்னீசியம், சிலிக்கன், பிராணவாயு, நீரகம் என்று கல்சட்டியின் டால்க்கில் இருக்கும் அதே நான்கு தனிமங்கள்தாம் இதிலும் உள்ளன. அளவு மட்டும் வேறு. டால்க்கில் தாள்கள் தட்டையாகப் படிந்திருக்கின்றன. இதிலோ பாயைச் சுருட்டினாற்போல் சுருண்டு, கண்ணுக்குப் புலனாகாத ஊசிகளாகின்றன. அவ்வூசி மூச்சோடு நுரையீரலில் தைத்தால் எளிதில் வெளியேறாது. பல ஆண்டுகள் கழித்து இளைப்பும் புற்றும் தரவல்லது. நெடுங்காலம் அத்தூசியில் உழைத்தவர்க்கே பெருங்கேடு என்று அவர் எனக்கு ஆறுதல் கூறினார். தீங்கற்ற அளவு இன்னதென்று எவரும் வரையறுத்ததில்லை என்பதையும் மறைக்காமல் கூறினார். அன்றிரவு நான் உறங்கவில்லை. இதுவரை இதனைச் செயலாளரிடம் மட்டுமே சொல்லியிருந்தேன். இன்று உங்கள் அனைவரிடமும் சொல்லிவிட்டேன், பொறுத்தருள வேண்டுகிறேன்.

கல்லை நீரில் நனைத்து, இரட்டை உறையிலிட்டுக் கட்டி, அவரே எடுத்துச் சென்றார். ஆனால் அதே இழை நம் சைக்கிள் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டிலும் சிமெண்டோடு கலந்திருக்கிறது. முழுத் தகடு அமைதியாக இருக்கும் வரையில் பெரும் அச்சமில்லை. சித்திரைப் புயலில் உடைந்ததை அறுக்காதீர்கள், துளையிடாதீர்கள், உலர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். நீர் தெளித்து ஈரத்துணியால் எடுங்கள். பின்கட்டில் உடைந்த துண்டுகளை அடுக்கி வைத்திருப்போர் என்னிடம் சொன்னால், அகற்றுவதற்கான விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன்.

கண்ணாடிப் பெட்டியைத் துடைத்து, வகுப்புக்கு ஓர் அறையாகப் பிரித்து, என் மகளும் நானும் கற்களை வைத்துப் பெயர் எழுதியிருக்கிறோம். சல்பேட்டு அறை மட்டும் காலியாக உள்ளது. விடுமுறைக்குத் திருச்சிப் பக்கம் போகிறவர்கள் ஒரு துண்டு ஜிப்சம் கொண்டுவந்தால் நன்று. பெட்டியின் சாவி செயலாளரிடம் இருக்கிறது.