நாற்பத்தெட்டுக் கட்டங்களில் ஒரு நாள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்கள் தொலைக்காட்சியும் கைப்பேசியும் பார்க்கும் நேரம் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் கைப்பேசியின் தீமைகளில் தொடங்கி, பல்லாங்குழியிலும் கில்லியிலும் முடிப்பது வழக்கம். நான் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நேற்று நீங்கள் தொலைக்காட்சியும் கைப்பேசிக் காணொலிகளும் சேர்த்து எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? சத்தமாகச் சொல்ல வேண்டாம். மனதுக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் "ஒரு மணி நேரம் இருக்கும்" என்றுதான் தோன்றும். சரி, காலையில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது இட்லி சாப்பிட்டீர்களே, அதைச் சேர்த்தீர்களா? பேருந்தில் வரும்போது விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்த சின்னச் சின்னக் காணொலிகள்? இரவு படுத்த பிறகு "தூக்கம் வரும்வரை" என்று எடுத்த கைப்பேசி? இப்போது அந்த எண் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பார்க்கும் நேரத்தை யாரும் மனக்கணக்கில் சரியாகச் சொல்லிவிட முடியாது. நாமே சொல்ல முடியாததை ஏழாம் வகுப்புக் குழந்தையிடம் கேட்டு, அது சொல்லும் விடையை நம்பி அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதை அளக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. நம் நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-லும் 2024-லும் 'நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு' நடத்தியது. 2024-இல் ஏறத்தாழ 1 லட்சத்து 39 ஆயிரம் வீடுகளில், 6 வயதுக்கு மேற்பட்ட நாலரை லட்சம் பேரிடம் கேட்டார்கள். "எவ்வளவு நேரம் டி.வி. பார்ப்பீர்கள்?" என்று கேட்கவில்லை. முந்தைய நாள் அதிகாலை 4 மணி முதல் அன்று அதிகாலை 4 மணி வரை, ஒவ்வோர் அரை மணியிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். மொத்தம் 48 அரை மணிகள். ஒரே அரை மணிக்குள் இரண்டு மூன்று வேலைகள் நடந்திருந்தால் அவற்றையும் குறித்துக்கொள்வார்கள். சமையலும் சீரியலும் சேர்ந்தே நடக்கும் நாட்டில் அது மிகவும் தேவை.

கலை, ஓய்வு, ஊடகம், விளையாட்டு ஆகியவற்றை அந்தக் கணக்கெடுப்பு ஒரே தலைப்பில் வைத்திருக்கிறது. அந்தத் தலைப்புக்குப் போன நேரம் 2019-இல் ஒரு நாளில் 9.9 சதவீதம், 2024-இல் 11 சதவீதம். ஒரு நாளுக்கு 1440 நிமிடங்கள். பெருக்கிப் பாருங்கள்: 143 நிமிடம் 158 ஆகியிருக்கிறது. கால் மணி நேரம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். இது முழுவதும் திரைநேரமும் இல்லை. கபடியும் இதற்குள்தான் வரும். "எல்லாரும் நாள் முழுக்கக் கைப்பேசியில் கிடக்கிறார்கள்" என்று மேடையில் சொல்வதற்கு முன் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதே நேரம், சராசரி என்பது யாருடைய வீட்டிலும் குடியிருப்பதில்லை என்பது கணித ஆசிரியர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொலைக்காட்சி நிறுவனங்கள் பார்க்கும் எண்ணிக்கை வேறு. பார்க் என்ற அமைப்பு, தேர்ந்தெடுத்த வீடுகளில் ஒரு கருவியைப் பொருத்துகிறது. நிகழ்ச்சியின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு கலந்திருக்கும். கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பதற்கு வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பொத்தான் உண்டு. இரண்டு வயதுக் குழந்தையிலிருந்து கணக்கில் சேர்கிறார்கள். ஆனால் அது கூடத்தில் ஓடும் பெட்டியின் கணக்கு. போர்வைக்குள் ஓடும் கைப்பேசி அதில் வராது.

கூடத்திலிருந்து போர்வைக்குள் அது எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பஞ்சாயத்து டி.வி. முன்னால் ஊரே மணலில் உட்கார்ந்த காலம் இங்கிருக்கும் மூத்தவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை படம். அது முடிந்ததும் எழுந்து போயாக வேண்டும். வேறு எதுவும் இல்லை. 1993-இல் தனியார் தமிழ் அலைவரிசை வந்தது. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் ஓலைக் குடிசைக்குள்ளும் பெட்டி வந்தது. 2016-இல் ஜியோ வந்தபின் இணையத்தின் விலை சரிந்தது.

இந்த வரிசையில் நாம் அதிகம் கவனிக்காத ஆண்டு 2012. ஒரு பகுதி முடிந்ததும் அடுத்த பகுதி தானே ஓடத் தொடங்கும் ஏற்பாட்டை நெட்ஃபிளிக்ஸ் அந்த ஆண்டில் கொண்டுவந்தது. நம் சீரியல்களில் 'தொடரும்' என்று போட்டால் நாளைக்கு என்று பொருள். வீட்டில் எல்லாரும் எழுந்து தட்டைக் கழுவப் போவார்கள். இப்போது 'தொடரும்' என்பதற்குச் சில விநாடிகள் என்று பொருள். தங்கள் போட்டியாளர் தூக்கம்தான் என்று அந்த நிறுவனத்தின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-இல் வெளிப்படையாகவே பேசினார். குழந்தைக்கு மனஉறுதி இல்லை என்று நாம் குறைப்படும்போது, எதிர்ப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறகு 2020. பள்ளிகள் மூடியிருந்தன. பாடத்துக்காகக் கைப்பேசி குழந்தையின் கைக்குப் போனது. யூடியூப் ஷார்ட்ஸ் உலகிலேயே முதலில் இந்தியாவில் வெளியானதும் அதே ஆண்டு செப்டம்பரில்தான். வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ள ஊரகக் குழந்தைகள் 2018-இல் 36 சதவீதம். 2022-இல் ஏறத்தாழ 75 சதவீதம் என்கிறது அசர் அறிக்கை. 2024 அறிக்கையில் இன்னொரு செய்தி உண்டு. ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுள்ளவர்களில், முந்தைய வாரம் கைப்பேசியைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். இரவு எட்டரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் போடும் பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. "சார் பாடம் அனுப்பியிருக்காரு" என்று சொன்னால் எந்த அம்மாவும் கைப்பேசியை மறுக்க மாட்டார். கரும்பலகையில் எழுதிப் போட்டால் தீர்கிற வேலை அது.

இப்போது வகுப்பறைக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பில் இந்த 48 கட்டத் தாளைக் கொடுத்துப் பார்த்தேன். பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னேன். தாளை வைத்துப் பெற்றோரிடம் புகார் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். நானும் என் தாளை நிரப்பிப் பலகையில் ஒட்டினேன். அதன் பிறகுதான் பிள்ளைகள் உண்மையை எழுதினார்கள். ஆசிரியர் ஒட்டாத இடத்தில் இந்தப் பயிற்சி வெறும் நீதிபோதனையாகிவிடும்.

இரண்டு தாள்கள் நினைவில் நிற்கின்றன. இரண்டிலும் டி.வி., கைப்பேசிக் கட்டங்கள் ஆறு. முதல் தாளில் அந்த ஆறும் மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை. ஒவ்வொன்றிலும் இன்னொரு வேலையும் எழுதியிருந்தது: பாத்திரம் கழுவினேன் + டி.வி., தம்பிக்குச் சோறு ஊட்டினேன் + டி.வி., வீட்டுப்பாடம் + டி.வி. ஒரே அறை உள்ள வீடு. அந்தப் பிள்ளை எதையும் தேர்ந்தெடுத்துப் பார்க்கவில்லை. அம்மா பார்க்கும் சீரியல் அதன் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது தாளில் ஆறு கட்டங்களும் இரவு ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை. பக்கத்தில் வேறு வேலை எதுவும் இல்லை. "எத்தனை மணி நேரம்?" என்று மட்டும் கேட்டிருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே விடை, ஒரே திட்டு.

இரண்டாவது தாள்தான் எனக்குக் கவலை. 6 முதல் 12 வயதுவரை உள்ள குழந்தைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. காலை ஆறு மணிக்கு எழுகிற பிள்ளை ஒன்பது மணிக்காவது படுத்தாக வேண்டும். பன்னிரண்டரைக்குப் படுத்தால் ஐந்தரை மணி நேரம். அந்தப் பிள்ளைதான் முதல் பாடவேளையில் நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நாம் அதன் குறிப்பேட்டில் 'கவனம் தேவை' என்று எழுதுகிறோம்.

முதல் தாளுக்கு என்ன செய்வது? அந்த அம்மாவைக் கூப்பிட்டு "டி.வி.யை நிறுத்துங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவர் உட்காரும் நேரமே அந்த ஒரு சீரியல்தான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பொதுவாக ஒன்று கேட்டோம்: வீட்டுப்பாடம் எழுதும் ஓர் அரை மணி மட்டும் ஒலியைக் குறைத்துவையுங்கள். கேட்டதும் ஒருவர், "சார், சத்தம் இல்லாம சீரியல் பாத்தாலும் எங்களுக்குக் கதை புரியும்" என்றார். கூட்டமே சிரித்தது. ஆனால் சிலர் செய்தார்கள்.

இரண்டாவது தாளுக்குக் கேட்டது, கைப்பேசியை இரவில் படுக்குமிடத்துக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடுவது. அடுத்தது தானே ஓடும் அமைப்பை அணைத்துவைக்கலாம். யூடியூப் செயலியில் அதற்குப் பொத்தான் இருக்கிறது. பெற்றோர் பலருக்கு அது இருப்பதே தெரியவில்லை. கைப்பேசியைக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தின் அளவைச் சொல்லுங்கள்: 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 5 முதல் 10 வரை இரண்டு மணி நேரத்துக்குள்.

டி.வி.யை நான் எதிரியாக நினைக்கவில்லை. பள்ளி மூடிக்கிடந்த மாதங்களில், கைப்பேசி இல்லாத வீட்டுக்குப் பாடம் கொண்டுபோனது கல்வித் தொலைக்காட்சி. ஞாயிறு பார்த்த படத்தின் கதையைத் திங்கட்கிழமை தமிழ் வகுப்பில் ஐந்து நிமிடம் சொல்லச் சொல்லுங்கள்; வாயே திறக்காத பிள்ளை எழுந்து வரும்.

தாள்கள் பின்பக்க மேசையில் இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று உங்களுக்கு, ஒன்று நகல் எடுத்து வகுப்புக்கு. சாதாரணப் பள்ளி நாளுக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என இரண்டு முறை நிரப்பச் சொல்லுங்கள். முதல் கட்டம் அதிகாலை 4 மணி. அதில் பெரும்பாலும் 'தூங்கினேன்' என்றுதான் இருக்கும். ஒன்பதரைக் கட்டத்திலிருந்து கவனமாகப் பாருங்கள். நிரப்பியதை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வகுப்பு வாரியாகச் சேர்த்துப் பார்ப்போம்.