கவலை என்னும் கவர்வழி

(இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நிறைவு விழாவில் வாழ்த்திப் பேசுவது மரபு. நான் வாழ்த்தோடு ஒரு குறையையும் சொல்ல வந்துள்ளேன். அக்குறை என்னுடையது.

சில ஆண்டுகளுக்கு முன், நம் மாதக் கூட்டமொன்றில் இளம்பெண் ஒருவர் தம் முதற் கவிதையைப் படித்தார். கருத்துரைக்க எழுந்த நான், "இது வேறு மாதிரி இருக்கிறது" என்று மட்டும் கூறி அமர்ந்தேன். பாராட்டாகவே கூறினேன். மறுமாதம் அவர் வரவில்லை. பின்னர் என்றுமே வரவில்லை. நெடுநாள் கழித்துப் பேருந்து நிலையத்தில் கண்டபோது, "நீங்கள் அப்படிச் சொன்ன பிறகு எழுத மனம் வரவில்லை அம்மா" என்றார். என் நான்கு சொற்களுக்கு இரு பொருள் உண்டென்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பதற்றமுற்ற மனம் எவ்வாறு பொருள் கொள்கிறது? அன்றுமுதல் என்னைத் தொடரும் வினா இது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் ஆகிய நான்கைச் சுட்டுகிறார். நான்கும் நமக்குப் புறத்தே நிற்பவை. நினைதல், ஐயம், நடுக்கு முதலியவற்றை அவர் வேறு வரிசையில் எண்ணுகிறார். எதிர்ப்பட்ட புலிக்கு அஞ்சுவது ஒன்று. வருமோ வாராதோ என்று புலியை மனத்துள் வளர்ப்பது மற்றொன்று. இன்றைய உளவியலார் முன்னதை அச்சம் என்றும் பின்னதைப் பதற்றம் என்றும் பிரிப்பர்.

பதற்றத்தின் முதல் வேலை, பொருளைக் குறுக்குவது. ஆன்ட்ரூ மாத்யூஸ், ஆன் ரிச்சர்ட்ஸ், மைக்கேல் ஐசென்க் ஆகியோர் 1989-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலத்தில் 'டை' என்னும் ஒலி இறத்தலையும் குறிக்கும். எழுத்து வேறுபட்டுச் சாயத்தையும் குறிக்கும். இவ்வகைச் சொற்களை ஒலிக்கச் செய்து, கேட்டதை எழுதுமாறு பணித்தனர். பதற்ற நோயுற்றோர், ஏனையோரைவிட மிகுதியாக, அச்சந்தரும் பொருளுக்குரிய சொல்லையே எழுதினர். சிலேடையைச் சுவைக்கும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். பதற்றம், இரட்டுற மொழிதலை அறியாத உரையாசிரியர். இரு பொருள் நிற்குமிடத்தில் கொடியதையே கொண்டு, அதுவே பாடம் என்று சாதிப்பவர்.

இரண்டாவது வேலை, இடத்தைக் கவர்வது. மனக்கணக்குப் போடவும் வாக்கியத்தின் தொடக்கத்தை அதன் முடிவுவரை ஏந்தி நிற்கவும் உதவும் நினைவின் இடம் மிகச் சிறியது. கவலை அவ்விடத்தில் குடியேறிவிடுகிறது. நன்கு படித்த மாணவி தேர்வறையில் விடை மறந்து தவிப்பதை ஆசிரியர்கள் அறிவோம். அது பல வேளைகளில் அறிவின் குறையன்று, இடத்தின் குறை.

மூன்றாவது, கவிஞர்களுக்குரியது. தாமஸ் பார்க்கோவெக் என்னும் அமெரிக்க உளவியலாளரின் 1990-ஆம் ஆண்டு ஆய்வு, கவலையுறும் மனத்தில் காட்சியைவிடச் சொற்சிந்தனையே மேலோங்குவதைக் காட்டியது. 'என்ன ஆகுமோ' என்னும் வினாவில் ஒரு மரம் இல்லை. ஒரு முகம் இல்லை. படிமத்தால் வாழும் கவிஞர் கவலையுற்ற காலத்தில் வறண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து.

இனி நம் மொழியைப் பார்ப்போம். சங்கப் பாடல்களில் 'கவலை' என்பது மனத்துயரை மட்டும் குறிப்பதன்று. பாதை பிரியும் கவர்வழிக்கும் அதுவே பெயர். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மதுரைக்கு வழி கேட்கும் கோவலனிடம், பாதை மூன்றாகப் பிரிவதை மாங்காட்டு மறையோன் விளக்குகிறான். ஒவ்வொரு வழியின் நன்மையும் இடரும் சொல்லப்படுகின்றன. கவர்வழியில் நின்றவன் செய்யத்தக்கது அதுவே: கேட்டறிதல்.

வழி கேட்டவனும் மதுரையில் மாண்டானே என்பீர்கள். அவனை வீழ்த்தியது அக்கவர்வழியன்று. தேவியின் ஊடல் தீர்க்க விரைந்த மன்னன், பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றான். அவனும் ஒரு பொருளையே கண்டான், மறுபொருளைக் கேட்கவில்லை.

ஆகவே, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டத்திற்கு இரண்டு வேண்டுகோள்கள். கருத்துரைப்போர் ஒரு தொடரில் அமர்ந்துவிடாமல், எந்த வரி, ஏன் பிடித்தது அல்லது பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இளங்கவிஞர்கள், ஐயுற்ற சொல்லை வீட்டிற்கு எடுத்துச் செல்லாமல், "என்ன பொருளில் சொன்னீர்கள்?" என்று அவையிலேயே கேட்க வேண்டும். கேட்பது பணிவுக்கு மாறன்று.

அப்பெண்ணிடம் பேருந்து நிலையத்திலேயே என் பொருளைச் சொன்னேன். அவர் சிரித்தார், வருவதாகச் சொல்லவில்லை. எனினும் இந்த அவையில் ஒரு நாற்காலி அவருக்காகக் காத்திருக்கட்டும்.