தடையையே வழியாக்கிய பொள்ளாச்சித் தமிழர்



ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள். அதைத் தாண்டினால், ஒரு காலத்தில் நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்டிய தோட்டங்கள். இன்று பெரும்பாலும் செம்பனை. அந்தப் பக்கம் போனால், கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "லைன் வரலை" என்று அலையாதவர்கள் குறைவு. லைன் வந்துவிட்டாலோ, படமும் பாடமும் தடையின்றி ஓடுகின்றன. அந்த வேகத்திற்குப் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார்.

பேராசிரியர் ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். ஏற்காட்டில் பள்ளிப்படிப்பு. பதினைந்து வயதிலேயே இந்தியக் கடற்படைக்குத் தேர்வானார். கடற்படையே அவரை மேற்படிப்புக்கு அனுப்பியது, டில்லி ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார்.

1971 போரில் 'குக்ரி' என்ற இந்தியப் போர்க்கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்தது. நீருக்கடியில் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு எதிரியைக் கண்டறியும் கருவிக்கு சோனார் என்று பெயர். அதை மேம்படுத்தும் பொறுப்பு பால்ராஜிடம் வந்தது. பின்னர் 'அப்சோ' என்ற புதிய சோனாரை உருவாக்கிய குழுவுக்கும் அவரே தலைவர்.

1991-இல் கடற்படையை விட்டு விலகினார். வயது 47. பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், தமக்குப் புதிய துறையான கம்பியில்லாத் தொடர்பில் இறங்கினார்.

வானொலி அலை குன்றிலும் கட்டடத்திலும் மோதிச் சிதறும். பல வழிகளில் வந்து, ஒன்றோடொன்று கலந்து குழப்பும். பொறியியலாளர்கள் இதைத் தொல்லையென்றே நினைத்தார்கள். பால்ராஜோ, அந்தச் சிதறலே உதவும் என்று கண்டார். அனுப்பும் இடத்திலும் பெறும் இடத்திலும் பல ஆன்டெனாக்களை வைத்தால், ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல தகவல்களை அனுப்பிப் பிரித்தெடுக்கலாம். இதுதான் 'மிமோ'. தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1994-இல் காப்புரிமை பெற்றார்.

பலர் நம்பவில்லை. 1998-இல் தாமே நிறுவனம் தொடங்கிச் செய்து காட்டினார். 2003-இல் இன்டெல் அதை வாங்கிக்கொண்டது. வேறு பல ஆய்வாளர்களும் மிமோவை வளர்த்தார்கள். இன்று வைஃபை, 4ஜி, 5ஜி அனைத்திலும் அது உண்டு. 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

ஒன்றை மறைக்க வேண்டாம். கோபுரமே இல்லாத இடத்தில் மிமோவும் ஒன்றும் செய்யாது. படிப்பும் அப்படித்தான். பால்ராஜின் அறிவுக்குக் கடற்படை கோபுரமாக நின்றது. எஸ்.பி.எம். முடிவு வந்ததும், கேட்ட இடம் கிடைக்காமல் எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கந்தாரிலும் மின்னணுப் பொறியியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே போக வழி தெரியாத பிள்ளையின் கையைப் பிடித்து, விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொடுக்க ஓர் அண்ணனோ அக்காளோ வேண்டும். அந்தக் கோபுரமாக நாம் நிற்கலாமே!